மழை நாள் பஸ்

அழகமுத்து என்ற பெயரை நான் முதலில் கேட்டது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா வாசலில். பிள்ளை பார்க்கிற ஆயா, “ஐயோ, அழகமுத்தைக் காணோம்!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். மூன்று வயது அவனுக்கு. கஹவத்தை ரோட்டில் நின்ற பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகனுக்கு மூத்த பிள்ளை. எனக்கு மகன் முறை. அவனுக்கு நாலு வயது இளையவள் மல்லிகா.

வளர்ந்தும் அவன் கால் ஓரிடத்தில் நிற்காது. ரப்பர் பால் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தால், தோட்டத்து வீட்டு வரிசையான லயத்து வாசலில் மேலும் கீழும் நடப்பான். ரோட்டு வேலைக்கு வந்தவனோடு மல்லிகா போனபோது, “இந்த வாசல இனி மிதிக்காத” என்று சொன்னவனும் அவன்தான். இருபத்திரண்டு வருடம் அவள் மிதிக்கவில்லை.

போன வருடம் ஆவணியில் அவன் அம்மா கண்ணை மூடினாள். மல்லிகாவுக்குத் தெரியாது.

“பெத்தவ போனது தெரியாம அவ எங்கயோ சிரிச்சிக்கிட்டு இருப்பாளே சின்னம்மா” என்பான். வருடத் திவசத்துக்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும். அதே நினைப்பாகத் திரிந்தான்.

அப்போதுதான் எங்கள் லயத்து விஜயகலா கொழும்புக்குப் போய்வந்து, செட்டியார் தெருக் கோவில் பக்கம் மல்லிகா நடைபாதையில் பூ விற்பதைப் பஸ்ஸில் இருந்து கண்டதாகச் சொன்னாள்.

வெயில் நாளில் பால் வெட்டாமல் போனால் அன்றைய பேர் போய்விடும், சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்துக் கிராமத்து முதலாளியின் மரங்களை வெட்டப் போவான். விடியலில் மழை பெய்து மரம் நனைந்தால்தான் அவனுக்கு ஓய்வு. அதனால் மழை விழுந்தால் போதும், குடையை எடுத்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறிவிடுவான். இங்கே கொட்டினால் அங்கேயும் கொட்டுகிற காலம்.

புறக்கோட்டையில் இறங்கி நடப்பான். சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட பள்ளிவாசல், ஒல்லாந்தர் காலத்துத் தூண் வைத்த வீடு, மணி தொங்கும் கூண்டு, கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். எங்கே நனையாமல் நிற்கலாம் என்று பார்த்துப் பார்த்தே அந்த ஊரைத் தெரிந்துகொண்டான்.

“பழைய கட்டடத்துக்கு இரக்கம் இருக்கு சின்னம்மா. தாழ்வாரத்த ரோடு வரைக்கும் நீட்டி வச்சிருக்கு. புதுசெல்லாம் கண்ணாடி. நம்ம மூஞ்சிய நமக்கே காட்டிக்கிட்டு நனைய விடுது.”

யாரிடமும் வாய் திறந்து கேட்கமாட்டான். கேட்டால், தங்கச்சி ஏன் போனாள் என்று திருப்பிக் கேட்பார்களே! மாதங்கள் ஓடின. கடைசியில் செட்டியார் தெரு மூலையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் கபூர் நானாதான் பிடித்துக்கொண்டார்.

“வாங்க மழை மாப்பிள! மழையோட வாறீங்க, மழையோட போறீங்க. யாரத் தேடுறீங்க?”

“பூ விக்கிற பொம்பள நானா. என் தங்கச்சி.”

கபூர் நானா சிரித்துவிட்டார். “மழைல யாரு நடைபாதைல பூ விரிக்கிற? வெயில் நாள்ல வாங்க.”

“வெயில்ல பால் வெட்டணுமே.”

“அப்ப உங்கட ரப்பர் மரத்துக்கிட்டயே கேளுங்க, தங்கச்சி எங்கன்னு.”

அந்த வாரம் நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் பேர் போடும் கணக்கப்பிள்ளை அழகமுத்துவின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். ஆள் இல்லை.

செட்டியார் தெருக் கோவில் சுவரோரம் மல்லிகா மாலை கட்டிக்கொண்டிருந்தாள். பாதி முடி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

“வெயிலடிக்குதே, பால் வெட்டப் போகலையாண்ணே?”

“அம்மா போயிருச்சு மல்லிகா. போன ஆவணியில.”

மடியில் இருந்த பூவெல்லாம் ரோட்டில் கொட்டியது. நடந்து போகிறவர்கள் விலகி விலகிப் போக, அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். அழுது முடிந்ததும், “திவசத்துக்கு வா” என்றான்.

“எந்த வாசலுக்கு?” என்று கேட்டாள் அவள்.

அவன் குனிந்து ரோட்டில் சிதறிய பூக்களைப் பொறுக்கினான்.

திவசத்தை வேறு ஊரில் வைப்பதாவது என்று லயத்தில் பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். அவன் கேட்கவில்லை. அம்மாவின் படத்தைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டான். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் மல்லிகாவின் ஒற்றை அறையில் அண்ணனும் தங்கையுமாகப் படையல் போட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மல்லிகா இன்னும் இங்கே வரவில்லை. அழகமுத்து கஹவத்தைத் தோட்டத்தில், ஆறாம் லயத்தில் இருக்கிறான்.