தறிச் சத்தத்துக்கு நின்ற குதிரை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆரணியில் பட்டுத்தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் இப்படிச் சொல்வது, மீன்காரர் வீட்டில் பிறந்துவிட்டு கவுச்சி ஆகாது என்று மூக்கைப் பிடிப்பது போலத்தான். தறிக்குழியில் காலை இறக்கிய அரை மணி நேரத்தில் தொடை தானாக ஆடத் தொடங்கிவிடும். இழை அறும். அப்புறம் திட்டு விழும். தொண்ணூறுகள் முழுக்க நான் செய்து பார்க்காத வேலை இல்லை. ஜரிகை வாங்கி விற்றேன், பக்கத்து ஊர் சேத்துப்பட்டு வழியில் வேன் ஓட்டினேன், கல்யாணங்களுக்கு லைட் செட் போட்டேன். தறியில் உட்கார்ந்து வீட்டைத் தாங்கியவள் என் மனைவிதான். "சாமி உங்க காலுக்கு சக்கரத்த கட்டி வுட்டுட்டு, எனக்கு குழிய வெட்டி வுட்டுடுச்சு" என்பாள்.

லைட் செட் போடப் போன இடத்தில்தான் குதிரை ஆசை பிடித்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வேலூரிலிருந்து குதிரை வரவழைப்பார்கள். அது பாதி நாள் நேரத்துக்கு வராது. நாமே ஒன்று வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. எனக்குத் தோன்றினால் மறுநாள் காலை கிளம்பிவிடுவேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். சென்னையில் ஒரு சவாரிப் பள்ளியில் வெள்ளைப் பெட்டைக் குதிரை ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, லாரி பேசிக்கொண்டு போனேன்.

அங்கே குதிரைகளைப் பழக்கியவர் ஓர் அம்மா. கையில் சாட்டை இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி மட்டும் வைத்திருந்தார். கிளிக்கர் என்றார். குதிரை தலையைத் தாழ்த்திய அதே நொடியில் அதை அழுத்தினார். 'கிளிக்'. உடனே ஒரு கேரட் துண்டு. அடுத்த தடவை அவர் கேட்காமலே தலை தாழ்ந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"இந்தச் சத்தம்தான் நீங்க அதுக்குக் குடுக்கற வாக்கு. கேட்டா தீனி வந்தே ஆகணும். வேற எங்கயும் கேக்காத சத்தமா இருக்கணும், அதுதான் முக்கியம்" என்றார். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் மண்டையை ஆட்டியபடியே கயிற்றை அவிழ்த்தேன்.

அவர் கொடுத்த கிளிக்கர் ஒரு வாரத்தில் உடைந்தது. எல்லாம் என் முரட்டுக் கைதான். இன்னொன்று வாங்கச் சென்னைக்குப் போகப் பொறுமை இல்லை. வீட்டில் உடைந்த நாடாக்கள் கிடந்தன. ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மரக்கட்டைதான் நாடா. அதில் இரண்டு துண்டு வெட்டி, பஜனைக்காரர் சப்ளாக்கட்டை போல ஒரு கையில் பிடித்துத் தட்டினேன். 'டக்'. கணீரென்று இருந்தது. தட்டினால் ஊறவைத்த கொள்ளு, தட்டினால் வெல்லத் துண்டு. இரண்டு மாதத்தில் குதிரை மாலை போடக் கழுத்தை நீட்டியது, சரவெடிக்குக் காது மட்டும் அசைத்து நின்றது. ஊரில் என் பேச்சுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் அது வீட்டு வாசல்களில் நிற்க ஆரம்பித்தது. காலையில் நடத்திக்கொண்டு போனால் நாலு வீட்டுக்கு ஒரு தடவை நின்று, வாசலைப் பார்த்துக் கழுத்தை நீட்டும். இழுத்தாலும் வராது. உள்ளேயிருந்து பெண்கள் ஓடி வருவார்கள். "லட்சுமியே நம்ம வீட்டாண்ட வந்து நின்னுகினு இருக்குதுங்க!" வெள்ளைக் குதிரை தானாக வந்து வாசலில் நின்றால் யார்தான் சும்மா அனுப்புவார்கள்? வாழைப்பழம், வெல்லம், தட்டு நிறையப் பச்சரிசி, முகூர்த்த நாளில் லட்டும் கேசரியும். இந்த மரியாதையில் பாதி எனக்குத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

என் மனைவிதான் கேட்டாள். "அது இன்னாங்க, தறி ஓடற வூட்டாண்ட மட்டும் நிக்குது? தறி நின்னுபோன வூட்ட தாண்டிப் போயிடுது?"

"குதிரைக்குக்கூட உழைக்கிறவங்க வீடு தெரியுதுபோல" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புரியவில்லை. தறிச் சத்தம் எங்கள் காதில் விழுவதே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டது, நின்றால்தான் தெரியும். நான் தட்டிய 'டக்'கும், நாடா ஓடிப் போய் மோதுகிற 'டக்'கும் ஒரே மரத்தின் ஒரே சத்தம். அந்தக் குதிரைக்கு எங்கள் தெரு முழுக்க வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரன் யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான்.

கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்த வாரம், ஒரு காலையில் குதிரை நகரவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, கொதிக்கிற தரையில் நிற்பது போல நின்றது. குளம்பைத் தொட்டேன், சுட்டது. கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து கால்நடை டாக்டர் ஒருவரைப் பைக்கில் உட்காரவைத்து அழைத்து வந்தேன்.

"நான் மாட்டு டாக்டருங்க. குதிரைய புஸ்தகத்துலதான் அதிகம் பாத்துகிறேன்" என்று சொல்லித்தான் குனிந்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. "இன்னா போட்டீங்க இதுக்கு?"

சொன்னேன். லட்டு என்றபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"அரிசியும் வெல்லமும் குதிரைக்கு விஷங்க. குளம்புக்குள்ள சதை வீங்கிப்போச்சு. வெளிய ஓடு கெட்டியா இருக்குது, வீக்கம் எங்க போவும்? உள்ள எலும்பு எறங்கிட்டா அப்பறம் நிக்காது. நிக்காத குதிரைய வெச்சுகினு ஒண்ணும் செய்ய முடியாது." ஊசி போட்டார். காய்ந்த புல் மட்டும், குளிர்ந்த தண்ணீரில் கால், மெத்தென்ற மணல் தரை என்று எழுதிக் கொடுத்தார்.

ஆற்றோரத்தில் தெரிந்தவர் தென்னந்தோப்பு இருந்தது. நூறு அடிக்கு ஒரு தடவை நிற்கவைத்து, மதியத்துக்கு அங்கே கொண்டு சேர்த்தோம். தோப்புக்குள் போனதும் என்னமோ குறைகிற மாதிரி இருந்தது. நின்று யோசித்தேன். தறிச் சத்தம் இல்லை. மனைவி கேட்ட கேள்வி அப்போதுதான் மண்டையில் இறங்கியது. நாடாத் துண்டுகளை ஆற்றுப் பக்கம் வீசிவிட்டு மணலில் உட்கார்ந்தேன். அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

மூன்று வாரத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் வலது முன்குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கிறது, அடியில் சுரண்டித் திறக்க வேண்டும் என்றார் டாக்டர். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அது அசையாமல் நிற்க வேண்டும். பிடித்துக் கட்டினால் மிரண்டு விழும், விழுந்தால் எழுந்திருக்குமோ இல்லையோ. அப்படி நிற்கப் பழக்க அவர் பத்து நாள் கொடுத்தார்.

காலியான தைல டப்பாவின் மூடியை எடுத்துக்கொண்டேன். கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்னும். இந்தத் தடவை தெருத் தெருவாக நடந்து, அந்தச் சத்தம் வேறெங்கும் இல்லை என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். தீனி ஒரே ஒரு பிடி காய்ந்த புல். வெல்லம் தின்ற வாய்க்கு அது எந்த மூலைக்கு? இருந்தாலும் வாங்கிக்கொண்டது. முதலில் பின்னங்கால்களில் பழக்கினேன். பிறகு வலது முன்காலை விரலால் தொட, அது கொஞ்சம் தூக்க, 'டிக்'. மறுநாள் தூக்கியபின் இரண்டு எண்ணி 'டிக்'. அப்புறம் ஐந்து, பத்து, இருபது. சத்தம் வரும்வரை கீழே வைக்கக்கூடாது என்பதுதான் பாடம். அது கற்றுக்கொண்டுவிட்டது. எனக்குத்தான் இருபது எண்ணுவதற்குள் உடம்பெல்லாம் அரித்தது. தையில் ஏழு ஊர்வலங்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன், நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மனைவி தறியை நிறுத்திவிட்டுத் தோப்புக்கு வந்து பார்த்தாள். "குதிரைக்கு பழக்கறீங்களா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் டாக்டர் வந்தார். மருந்தில் மரத்துப்போகச் செய்தும் முழுக்க மரக்கவில்லை. நான் காலைத் தொட்டேன். தூக்கியது. உடம்பின் பாரமெல்லாம் இன்னும் ஆறாத இடது குளம்பில் இறங்கியது. தோள் சதை துடித்தது. டாக்டர் தம் முழங்காலில் குளம்பைத் தாங்கி, வளைந்த கத்தியால் சுரண்டச் சுரண்டக் கறுப்பாக, நாற்றத்தோடு நீர் வந்தது. குதிரை அசையவில்லை. மருந்துத் துணி வைத்துக் கட்டிவிட்டு, குளம்பை விட்டு விலகிக் கை கழுவப் போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "சார், தை மூணாம் தேதி தேவிகாபுரத்துல ஒரு ஊர்வலம். மெதுவா நடத்திகினு போனா போதுங்களா? மாப்ள கொஞ்சம் ஒல்லிதான்." இன்னும் என்னென்னவோ கேட்டேன். வேனில் ஏற்றிக்கொண்டு போகலாமா, ஊசி போட்டுவிட்டால் ஒரு மணி நேரம் தாங்குமா.

டாக்டர் என் தோளுக்கு மேலே பார்த்தார்.

"அத்த மொதல்ல காலை கீழ வைக்கச் சொல்லுங்க."

திரும்பினேன். குதிரை காலைத் தூக்கியபடியே நின்றது. யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது, கழுத்தில் வியர்வை வழிந்தது. கண் மட்டும் என் மேலேயே இருந்தது. நான் இன்னும் சத்தம் கொடுக்கவில்லை.

சட்டைப்பையில் கைவிட்டேன். மூடியை அழுத்தினேன். 'டிக்'.

மெதுவாகக் காலை மணலில் வைத்தது. புல்லை நீட்டினேன். தின்னவில்லை. அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, டாக்டர் பார்க்கிறார் என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

மறுநாள் காலை பஸ் ஏறி ஏழு வீட்டுக்கும் போய், குதிரை இனி வராது என்று சொல்லிவிட்டு வந்தேன்.