கொட்டிலிலிருந்து மேல் ரோட்டுக்கு

அந்தக் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்னால் சீட்டு கிடையாது. கூரை துணி. தரையோடு தரையாகக் கிடக்கும். ஏறுவதற்குக் குனிய வேண்டும், இறங்குவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் அதை ரேஸ் கார் என்றுதான் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் பங்களாவில் டிரைவராக இருந்தவர். தோட்டத்தை நடத்தின பழைய துரை ஊரை விட்டுப் போகும்போது, கியர் உடைந்து நின்ற அந்தக் காரை, "நீயே வச்சுக்க" என்று சாவியோடு கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்தாரா, கழித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. ஆற்றோரம் பள்ளத்தில் பழைய மாட்டுக் கொட்டில் ஒன்று இருந்தது. அதற்குள் தள்ளி விட்டோம். பிள்ளைகள் வளர்ந்து கொழும்புக்கும் அரபு நாட்டுக்கும் போனார்கள். கார் கொட்டிலிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அவர் போய் என்ஜினை மட்டும் கொஞ்ச நேரம் ஓட விட்டுக் கேட்டுவிட்டு வருவார். வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

நான் அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. துரையின் சம்சாரம், பங்களா அம்மா உட்கார்ந்த சீட்டு அது. என் வீட்டுக்காரர் கழுவித் துடைத்துப் பங்களாப் படிக்கட்டடியில் கொண்டுபோய் நிறுத்துவார்; துரை ஓட்டுவார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கிற எங்கள் மேல் புழுதி வந்து விழும். "ஒருக்கா ஏறி உக்காந்து பாரேன் புள்ள" என்று அவர் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். ஓடாத காரில் உட்கார்ந்து இளிக்கிற ஆள் நான் இல்லை. "ஓடட்டும், அப்ப ஏறுறேன்" என்பேன்.

நாட்டில் பெற்றோலுக்கு ஆட்கள் வரிசையில் நின்ற வருடம் அது. புதிதாக வந்த துரை, எங்கள் மகனை விட இளையவர், நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கே, எங்கள் காம்பரா வாசலுக்கே வந்து நின்றார்.

"டிரைவர், அந்தக் கொட்டில ஒடைக்கப்போறோம். ஒரம் வைக்க ஸ்டோர் கட்டணும். காரு ஓடுமின்னா தீபாவளிக்கு முன்னுக்கு ஓட்டிக்கிட்டு போங்க. ஓடாட்டி பழைய இரும்பு வாங்குற லொறி வரும்."

"ஓடுங்க துரை."

"நெசமாவா?"

"ஓட்டிக் காட்டுறேங்க."

அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கும். தண்ணி வாளி தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கண்ணில் வேறு வெள்ளை விழத் தொடங்கியிருந்தது. ஆனால் துரை போன பிறகு நான் தடுக்கவில்லை. அந்த மனுசன் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். தன் வண்டி என்று இருந்தது இது ஒன்றுதான். அது தன் காலில் அந்தப் பள்ளத்தை விட்டு ஏற வேண்டும், தானே ஓட்டிப் போக வேண்டும். அவருக்கு அதற்கு மேல் ஆசை இருக்கவில்லை.

போய் நிற்க இடமும் இருந்தது. கினிகத்தேனையில் கராஜ் வைத்திருக்கிற சிங்கள பாஸ் அவருக்குப் பழைய கூட்டாளி. "ஓடி வந்தா மூலையில எடம் தாறேன் அண்ணே. கட்டி இழுத்துக்கிட்டு வந்தா எடம் இல்ல. இரும்பு எங்கிட்டயே நெறைய கெடக்கு" என்று சொல்லிவிட்டார். கொட்டிலிலிருந்து மேல் ரோட்டுக்கு ஒரு ஏற்றம். லொறியே முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிற ஏற்றம். அதில் ஏறிவிட்டால் கினிகத்தேனை வரைக்கும் அநேகமாக இறக்கந்தான்.

காரின் சீட்டுகளைக் கழற்றி, உள்ளேயிருந்தே கியர் பெட்டியை லயத்துப் பையன்கள் பிரித்து எடுத்தார்கள். நாலு பேர் பலகையில் வைத்து, மேலே சாக்குப் போட்டு, லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். மூன்றாம் காம்பராக் கிழவி வெளியே வந்து தலையில் கை வைத்து, "ஐயோ, யாருப்பா போனது?" என்றாள்.

எங்கள் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் என்னுடைய படங்கை விரித்தேன். கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் விரிப்பு அது. அதன் மேல் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பல்சக்கரமாக, கழற்றின வரிசையிலேயே வைத்தோம். யாரும் தாண்டிப் போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். மண்ணெண்ணெய்க்கும் அப்போது வரிசை. கிடைத்ததைக் கிண்ணத்தில் ஊற்றி, கழுவின எண்ணெயையே தெளிய வைத்துத் திரும்பக் கழுவினேன். ஒரு சக்கரத்தில் பல் மூளியாக இருந்தது. இரண்டாம் கியருக்கு உள்ள பித்தளை வளையம் தேய்ந்து கத்தி மாதிரி ஆகியிருந்தது. இரண்டுக்கும் பாஸ் தன் பழைய சாமான்களுக்குள் தேடி ஏதோ பொருந்துகிறதைக் கொடுத்தார். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகிற நீளத் தண்டின் மூட்டையும் அவரே மாற்றிக் கொடுத்தார்.

ஊசி மாதிரிச் சின்னச் சின்ன உருளைகள் உண்டு. அவற்றைக் கிரீஸ் வைத்து ஒட்டி, ஒரு வட்டமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அவர் கை நடுங்கும். ஆகவே நான் நிறுத்துவேன், அவர் தண்டை உள்ளே விடுவார். ஒரு நாள் ஓர் உருளை குறைந்தது. பக்கத்துக் காம்பராக் கோழி படங்கின் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தது. வேறு வழியில்லை. சொல்லிவிட்டு அறுத்தோம். இரைப்பைக்குள் உருளை தேய்ந்து போகாமல் பளபளவென்று இருந்தது.

அன்றைக்கு என் நாத்தனார் வந்திருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கச்சி. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறாள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. அண்ணன் ஒருவர்தான் அவளுக்கு உலகம். என்னோடு ஒத்துப் போகாது. அவள் கோழிக்குழம்பை ஊதிக் குடித்துக்கொண்டு, "காருக்குப் பலி குடுத்தாச்சு அண்ணே, இனி பறக்கும்" என்றாள்.

"பறக்க வேணாம், ஏறினாப் போதும்."

"ஏறினா எனக்கு எங்க சீட்டு?"

"ரெண்டு சீட்டுத்தானே இருக்கு."

"அப்ப அண்ணி எறங்கிக்கட்டும். நான் பொறந்ததுல இருந்து ஒங்க தங்கச்சி. அவங்க நடுவுல வந்தவங்க."

"நடுவுல வந்தவதான் ஒங்க அண்ணனுக்கு இம்புட்டுக் காலம் சோறு போட்டிருக்கேன்" என்றேன். அவர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நாங்கள் இரண்டு பேரும் முதுகைத் தடவினோம்.

பெட்டி முடிந்தது. மிஞ்சினது கிளச் பிளேட். இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. வட்டமான தட்டு, இரண்டு பக்கமும் சொரசொரப்பான பட்டை வைத்து ஆணி அடித்திருக்கும். என்ஜினின் பலம் இந்தத் தட்டு வழியாகத்தான் கியர் பெட்டிக்குப் போகும். "என்ஜினும் இதும் ஒண்ண ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு சுத்தணும் புள்ள. பிடிக்கணுமின்னா காஞ்சு இருக்கணும். ஒரு பொட்டு எண்ணெ பட்டுச்சின்னா போச்சு, வழுக்கும்" என்று எனக்கு உள்ளங்கையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். வெளிநாட்டுச் சாமான் வராத காலம். பாஸ் தன்னிடம் கடைசியாக இருந்த பட்டையை எடுத்து எங்கள் தட்டுக்கு அடித்துக் கொடுத்தார். "இதுக்கு மேல நாட்டுல இல்ல" என்றாராம். பேப்பரில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் ஆயுத பூசை. தோட்டத்தில் அன்றைக்கு எந்த வீட்டிலும் ஆயுதம் பூசை இல்லாமல் இருக்காது. ஸ்பேனர்கள், சுத்தியல், என் கொழுந்துக் கூடை எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். பேப்பர் பொதியையும் அவர் ஓரத்தில் வைத்தார். "இது பேப்பரோடயே இருக்கட்டும்" என்றார்.

நாத்தனார் அவள் புருசனின் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்திருந்தாள். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி. அவன் இருந்த காலத்தில் அவன்தான் அதில் பெரிய கை. அவன் போன பிறகும் ஒவ்வொரு பூசைக்கும் அவள் அதைக் கழுவி, தேங்காய் எண்ணெய் பூசி, பளபளவென்று துடைத்து, சந்தனப் பொட்டு வைப்பாள். கத்தி வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் குசினியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் கோயிலுக்குப் போயிருந்தார். இரண்டு பேரும் வந்து பார்க்கும்போது பொதி பிரிந்து, தட்டு மற்ற ஆயுதங்களோடு படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. நடு இரும்பில் ஒரு சந்தனப் பொட்டு, அதற்குள் குங்குமம்.

"முக்கியமான சாமான மூடி வச்சுக் கும்புடுவாங்களாண்ணே?" என்றாள் அவள்.

அவர் குனிந்து பார்த்தார். பட்டையில் சந்தனம் படவில்லை. "பொட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். இருக்கட்டும் என்று மறுநாள் கொட்டிலில் வைத்து அந்தப் பொட்டோடேயே தட்டையும், அதன் மேல் பெட்டியையும் காரில் பூட்டினார். அந்த இரண்டு நாளும் கரண்டும் இல்லை, மழை இருட்டு வேறு.

காரை ஏற்றின காலையில் தோட்டத்தில் பாதிப் பேர் ஏற்றத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள். துரையும் மேல் ரோட்டில் நின்றார். நான் நல்ல சேலை கட்டி, பங்களா அம்மாவின் சீட்டில் ஏறினேன். நாத்தனார்தான் கை கொடுத்து உட்கார வைத்தாள். "காத்துல பறந்துறாதீங்க அண்ணி, பிடிச்சுக்கங்க" என்று முந்தானையை என் மடியில் ஒதுக்கினாள்.

என்ஜின் பிடித்தது. முதல் கியர் விழுகிற சத்தம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொட்டிலை விட்டு வெளியே வந்தோம். சனம் கை தட்டியது. மட்டத்தில் ஓடி, ஏற்றத்தில் மூக்கை வைத்து, பாதி தூரம் ஏறினோம். மேலே நிற்கிறவர்களின் முகம் தெரிந்தது.

அப்புறம் என்ஜின் கத்தியது, கார் நின்றது. அவர் மிதிக்க மிதிக்கச் சத்தம் மட்டும் கூடியது, சக்கரம் அசையவில்லை. புகை வந்தது. அந்தப் புகையில் ஒரு வாசனை. கோயிலில் எண்ணெய் தீர்ந்து திரி கருகும்போது வருமே, அந்த வாசனை. இங்கே எப்படி என்று நினைத்தேன். அதற்குள் கார் பின்னால் வழுக்கத் தொடங்கியது. பிரேக்கை இறுக்கினார். "கல்லு போடுங்க, கல்லு!" என்று கத்தினார்கள். போடுவதற்குள் பின் சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. அடியில் ஒரு முறிகிற சத்தம். பின் அச்சு போய்விட்டது.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். மூச்சு இழுத்தது. நான்தான் முதலில் இறங்கினேன். யாரும் கை கொடுக்காமலே இறங்கினேன்.

பாஸிடம் அச்சும் இல்லை, பட்டையும் இல்லை. கார் போனது போனதுதான். ஆனால் ஏன் போனது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கானுக்குள் கிடந்த காரிலிருந்து திரும்பவும் பெட்டியை இறக்க வைத்தார். தட்டை எடுத்து இஸ்தோப்பு வெளிச்சத்தில் பிடித்தார். பட்டை கண்ணாடி மாதிரி கறுத்து மினுங்கியது. விரலால் தேய்த்து மூக்கில் வைத்தார். என்னிடம் நீட்டினார். கருகின தேங்காய் எண்ணெய். நடுவில் சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது.

கத்திக்குப் பூசுகிற மாதிரி பூசியிருக்கிறாள். ஆசையாக, முழுக்க, இரண்டு பக்கமும். அப்புறம் துடைத்தும் வைத்திருக்கிறாள்.

அவள் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். "என்னண்ணே, ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கல்யாணம் பண்ணின நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கெஞ்சுகிற பார்வை.

"தெரிஞ்சுச்சு. கிளச் ஸ்பிரிங்க நாந்தான் சரியா வைக்கல. கண்ணு தெரியல தங்கச்சி" என்றார். தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார்.

தீபாவளிக்கு முன்னால் இரும்பு லொறி வந்தது. பெட்டியையும் இஸ்தோப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் படுக்கையில் இருந்தார். மேல் ரோட்டில் லொறி முனகுகிற சத்தம் கேட்டது.

"ஏறிருச்சா?" என்றார்.

"ஏறிருச்சுங்க."

அடுத்த ஆயுத பூசைக்கு அவர் இல்லை. சாவுக்குக் கேதம் கேட்க வந்த சனம், "பாவம், கடைசியில கை தவறிருச்சு" என்று என் காதுபடப் பேசியது. ஒரு நட்டையும் இரண்டு தடவை தொட்டுப் பார்க்காமல் விடாத மனுசன். என் நாத்தனாரே என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டு, "அண்ணனுக்குக் கண்ணு போயிருச்சு அண்ணி. வேற ஆளு வச்சுச் செஞ்சிருக்கலாம்" என்றாள். வாய் வரை வந்த "எண்ணெய்" என்ற அந்த ஒரு சொல்லை விழுங்க நான் பட்ட பாடு வேறெதற்கும் பட்டதில்லை. விழுங்கினேன். அவர் கேட்டுக்கொண்ட கடைசிக் காரியம் அதுதான். இப்போது எழுத்துக் கூட்டி எழுதி வைக்கிறேன். அவர் கை தவறவில்லை என்று ஓர் இடத்திலாவது இருக்க வேண்டும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

ஒவ்வொரு பூசைக்கும் வருகிறாள். அண்ணனுடைய ஸ்பேனர்களைச் சாக்கிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து, பொட்டு வைக்கிறாள். "துருப்பிடிக்காம இருக்கணும் அண்ணி" என்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்பேனருக்கு எண்ணெய் நல்லதுதான்.