டம்ளருக்குள் இருந்த ஆகாயம்

எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் தன் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரியவர் அத்வைத வகுப்பு எடுப்பார். ஒல்லியான மனிதர். நெற்றியில் ஒரு கீற்று விபூதி, சிரித்தால் குழந்தை முகம். எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பார். தான் குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிக் காட்டிக் கேட்பார்:

"இதுக்குள்ள இருக்கற ஆகாயம் வேற, வெளிய இருக்கறது வேறயாங்க? டம்ளரு நசுங்குனா ஆகாயம் நசுங்குமாங்க?"

ஆத்மா ஒன்றுதான் என்பதை அவ்வளவு தெளிவாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் வந்து அன்பாக விசாரித்தார்.

"உங்க குலதெய்வக் கோயில் எந்தூருங்க?"

எங்கள் பக்கத்தில் சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள், இப்படித்தான் கேட்பார்கள். கோயிலையும் ஊரையும் சொன்னேன். "சந்தோசமுங்க" என்றார்.

அடுத்த வாரம் மற்றவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர். எனக்கு மட்டும் பேப்பர் கப். அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

நான் கப்பைத் தூக்கிக் காட்டினேன். "ஐயா, இதுக்குள்ள இருக்கறதும் அதே ஆகாயந்தானுங்களா?"

ஒரு நொடிகூட அவர் தயங்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அதேதானுங்க சாமி! நல்லாப் புரிஞ்சுக்கிட்டீங்க. குடிச்சுப்போட்டு அந்தக் குப்பைக்கூடையில போட்ருங்க."

அதோடு போவதை நிறுத்திவிட்டேன். அவர் சொல்லிக்கொடுத்ததை இன்றைக்கும் நம்புகிறேன். அவரும் நம்பித்தான் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.