சண்முகத்தாயின் புருஷன் எலெக்‌ஷனில் நிற்கிறார்

தாகம். டீக்கடைக்கு எதிர்வீட்டு வாசலில் நின்ற ஒரு அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாந்து குடித்துவிட்டு, "இந்த ஊர்த் தண்ணி இவ்வளவு உப்பா தாயி?" என்று கேட்டேன்.

நான் செய்தது அவ்வளவுதான். டீக்கடையில் பேச்சு நின்றுபோயிற்று. டீ ஆற்றிக்கொண்டிருந்த சங்கரலிங்கத்தின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"யாருகிட்ட அண்ணாச்சி பேசுதீங்க?"

"இந்தா... இந்த அம்மாகிட்டதான்."

"அங்கன யாருமே இல்லையே!"

உச்சிவெயில். சுங்குடிச் சேலை கட்டிய பெண்மணி என் எதிரே நிற்கிறார். கையில் காலிச் செம்பு. எதற்கும் இருக்கட்டும் என்று குனிந்து பார்த்தேன். தரையில் நிழல் விழுந்திருந்தது. தெருவில் டயர் உருட்டி வந்த பிள்ளைகள் அவர் கிட்டே வந்ததும் விலகி, மறுபடி சேர்ந்துகொண்டார்கள். நடுத்தெருவில் நட்ட கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி. ஒரு பிள்ளையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே!

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள் ஒரு ஊர். பெயர் வேண்டாம். கோவில்பட்டியில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் என் சிநேகிதர் காதர் பாய் சரக்குப் பார்க்கப் போனார். 'சும்மாதானே இருக்கீரு, வாரும் ஓய்' என்று என்னையும் இழுத்துப் போயிருந்தார். ஊரில் பஞ்சாயத்து எலெக்‌ஷன் மும்முரம். ஒரு பக்கம் பெரிய வீட்டுக்காரர். எதிர்ப்பக்கம் பெருமாள்சாமி, நாலு ஏக்கர் பருத்திக்காரர்.

அந்தப் பெருமாள்சாமிதான் வேகமாக ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க அவகிட்டப் பேசினீங்களா? எம் பொண்டாட்டிகிட்டயா?" கண்ணெல்லாம் தண்ணீர். "ஓட்டுக் கேக்கப் போறோம், நீங்களும் கூட வாங்களேன்."

போனேன். வீடுவீடாகப் புருஷனும் பெண்சாதியும் கும்பிடு போட்டார்கள். வாசல்தோறும் ஒரே கதைதான்.

"மதினி, சௌக்கியமா? இவியளுக்கு ஓட்டுப் போட்டிருங்க" என்பார் சண்முகத்தாய்.

அந்த மதினி பெருமாள்சாமியை மட்டும் பார்ப்பாள். "ஏன் கொழுந்தனாரே, இந்த வெயில்ல தனியாவா அலையுதீங்க? துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிடப்படாதா?"

கேலி இல்லை சார். அத்தனை கரிசனம் அந்தக் குரலில்! அதுதான் என் முதுகில் சில்லென்று ஏறியது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது பெருமாள்சாமி சொன்னார். மழை தப்பினால் நம் பக்கம் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள், தெரியும்தானே? சோளத்தட்டையில் ஒரு பொம்பளை உருவம். ஊர்ப் பாவத்தையெல்லாம் அவள் தலையில் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து ஒப்பாரி வைத்து, கண்மாய்க்கரையில் கொண்டுபோய்க் கொளுத்துவது. உருவத்துக்கு யாருடையது என்று தெரியாத கந்தல் சேலைதான் கட்ட வேண்டும் என்பது முறை.

ஒரு பஞ்ச வருஷத்தில் அந்த முறை பிசகிவிட்டது. சலவை மூட்டையிலிருந்து அவசரத்தில் உருவிய சேலை, சண்முகத்தாயுடையது. அவரோ எட்டயபுரத்தில் தாய்வீட்டில் இருக்கிறார். ஒப்பாரி வைத்த பெண்களுக்குப் பழகின சேலையைப் பார்த்ததும் வாய் தானாக அவர் பெயரைச் சொல்லிவிட்டது. 'சம்முவத்தாயீ... எங்கள விட்டுப் போனியே!' ஒருத்தி ஆரம்பித்தாள், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சுடுகாட்டு அழுகையாக அழுதார்களாம். கொள்ளி வைத்துத் திரும்பவில்லை, பிடித்தது மழை. கண்மாய் உடைகிற மழை!

மழை விட்டதும் சண்முகத்தாய் பஸ்ஸை விட்டு இறங்கி, மூட்டையோடு ஊருக்குள் நடந்து வந்தார்.

"யாரோ ஒருத்தர் சொல்லிட்டாரு அண்ணாச்சி. செத்தவ திரும்பிட்டான்னா பெஞ்ச மழையும் திரும்பிப் போயிரும்னு. அன்னையிலிருந்து யாரும் அவளைப் பாக்கல. மழையும் ஒரு வருஷம் பொய்க்கல."

"ஊரை விட்டுப் போயிருக்கலாமே?"

"போயிட்டா அவிய சொன்னது நெசமாயிரும்லா?"

பெருமாள்சாமி திருப்பிக் கேட்டார். சண்முகத்தாய் சிரித்தார். "எனக்கு ஒரு சௌரியம் உண்டு அண்ணாச்சி. எவ வீட்டுச் சண்டையையும் பக்கத்துலயே நின்னு கேக்கலாம். வெரட்ட முடியாதே!"

"அப்போ இந்த எலெக்‌ஷன்?"

"கிணறு" என்றார் பெருமாள்சாமி. "ஆழமா ஒரு கிணறு. ஊருக்குத் தண்ணி இருந்தா மழைக்குப் பயப்படமாட்டாக. மழைக்குப் பயமில்லன்னா இவளைப் பாத்து 'என்னட்டி, சோறு தின்னியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருவாக. அதுக்குத்தான் நிக்கேன். மேடையில இதைச் சொல்ல முடியுமா?"

கோவில்பட்டி மைதானத்தில் நானும் எத்தனையோ வேட்பாளர்களைக் கேட்டிருக்கிறேன். நாட்டுக்காக, ஏழைக்காக, ஏர் பிடிப்பவனுக்காக... இப்படி ஒரே ஒரு ஆளுக்காக நிற்கிறேன் என்று எவராவது சொல்லியிருக்கிறாரா? உள்ளே எல்லோருக்கும் அப்படி ஒரு ஆள் இருக்கத்தான் செய்வார். முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஆள் அவரேதான்!

திரும்பும் பஸ்ஸில் காதர் பாயைப் பிடித்துக்கொண்டேன். "உமக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். அந்த ஊரு மிளகாய் எனக்கு வேணும்லா ஓய்? முதல்ல மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு." ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார். "இப்ப நெசமாவே அந்தம்மா என் கண்ணுல படமாட்டேங்காவ."



பெருமாள்சாமி ஜெயித்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பூமாலையோடு மறுபடி போனேன். வாசல் நிறையக் கூட்டம். சண்முகத்தாயைத் தேடினேன்... காணோம். நன்றாகத் தேடிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு நேர் எதிரேதான் நின்றிருக்கிறார். ஒரே ஒரு தரம் வந்துபோன என் கண்ணும் பழகத் தொடங்கிவிட்டதா?

"எப்படி ஜெயிச்சாரு?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன்.

"பாவம்லா அண்ணாச்சி. சின்ன வயசுலயே பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுசன். ஊரே மனசு எரங்கிப்போச்சு."

பெருமாள்சாமி அதைக் கேட்டுவிட்டார். மாலைக்கு நடுவே அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. போதாக்குறைக்கு டீக்கடை சங்கரலிங்கம் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

"பிரசிடெண்ட் ஆயாச்சு. இனியும் ஒத்தையில கெடந்தா ஊருக்குத்தான் கேவலம். ஒரு பொண்ணு பாத்திருக்கோம். மாட்டேன்னு சொல்லப்படாது."

சண்முகத்தாய் ஓர் அடி முன்னால் வந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. கல்யாண வீட்டுப் பெண்கள் விசாரிக்கிற அதே குரலில் கேட்டார்:

"பொண்ணு எந்த ஊருண்ணே?"

"கழுகுமலை. அப்பனுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல..." என்று சண்முகத்தாய் பக்கம் திரும்பி மளமளவென்று சொல்லிக்கொண்டே போன சங்கரலிங்கம், சட்டென்று வாயைப் பொத்தினார்.

கூட்டம் மொத்தமும் வானத்தை அண்ணாந்து பார்த்தது.

மாசி மாத வானத்தில் என்ன இருக்கும்? ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு தலைகூடக் கீழே இறங்கவில்லை.

"சொல்லுங்கண்ணே" என்றார் சண்முகத்தாய். "கழுகுமலையில எந்தத் தெரு?"

எனக்குக் கரிசலில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது... ஆனாலும் வருகிற ஐப்பசியில் மழை தப்பிவிடக் கூடாதே என்று இப்போதே பதறுகிறது!