ஜெசிந்தாவின் கசற்

சைக்கிளின் பின்சில்லில் டைனமோ உரசும்போது 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழும். கொஞ்ச நேரத்தில் ரயர் சூடேறி வகுப்பு முழுக்க ரப்பர் மணக்கும். தொண்ணூற்றிரண்டில், பண்டத்தரிப்பில் நாங்கள் பத்தாம் வகுப்புப் படித்த காலத்தில், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் என்றால் அந்தச் சத்தமும் மணமுந்தான். போரில் மின்சாரம் போய் இரண்டு வருடமாகியிருந்தது, பற்றரி அரசாங்கம் தடைசெய்த சாமான். ஆனாலும் வீட்டுக்கு வீடு சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். எங்கள் விஞ்ஞான ரீச்சர் அந்த வித்தையையே வகுப்புக்குள் கொண்டுவந்து, ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் டைனமோவில் தன் தமையனின் ரேப் றெக்கோடரைக் கொழுவி, நாங்கள் வாசிப்பதைக் கசற்றில் பதிந்து போட்டுக் காட்டி, 'வகுப்பு வானொலி' என்று பெயரும் வைத்தார்.

ரீச்சருக்கு அதில் ஒரு நோக்கம் இருந்தது. குருநகரில் குண்டு விழுந்து வீடுவாசல் இழந்து அகதி முகாமுக்கு வந்த பிள்ளைகள் பின்வரிசை வாங்கில் தனியே இருந்தார்கள். நாங்கள் அவர்களை 'வந்த பிள்ளையள்' என்றோம், அவர்களும் எங்களோடு அளந்துதான் பேசினார்கள். "ஒராள் மிதிச்சால்தானே மற்றாளின்ரை குரல் கேக்கும், அப்பிடியெண்டாலும் ஒண்டாய்ச் சேருங்கோ பிள்ளையள்" என்பார் ரீச்சர். ஊர்ப் பிள்ளை ஒருத்தி வாசித்தால் வந்த பிள்ளை ஒருத்தி பெடல் மிதிக்க வேண்டும், அடுத்த கிழமை மாற வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு மூன்று கிழமை மாறினோம். பிறகு எப்படியோ நாங்களே வாசிப்பவர்களாகவும் அவர்களே மிதிப்பவர்களாகவும் ஆகிவிட்டோம், அதை யாரும் கேட்கவுமில்லை. நான் நிரந்தர அறிவிப்பாளராகி, கண்ணாடி முன்னால் நின்று "நேயர்களே" என்று சொல்லிப் பழகுமளவுக்குத் தலைக்கனம் பிடித்துத் திரிந்தேன்.

கல்விக் கந்தோர் அதிகாரியான ஒரு பெரியவர் எங்கள் வானொலியைக் கேட்க வரப்போகிறார் என்றானபோதுதான், அழித்து அழித்துப் பதிந்த எங்கள் ஒரே கசற்றின் நாடா சிக்கி அறுந்தது. கடை கடையாக ஏறி இறங்கினாலும் புதுக் கசற் கிடைக்காத நாட்கள் அவை. அப்போது எழும்பினவள் ஜெசிந்தா, பெடல் மிதிப்பவர்களில் ஒருத்தி. கடலுக்குப் போன அவளுடைய அப்பா திரும்பி வரவில்லை. அவருடைய படங்களெல்லாம் வீட்டோடு எரிந்துபோயின. கோயில் கூத்தில் அவர் ராசாவாக நடித்துப் பாடிய பாட்டு ஒன்று மட்டும் ஒரு கசற்றில் மிஞ்சியிருந்தது. அதைக் கொண்டுவந்து என் கையில் தந்து, "இந்தப் பக்கம் அப்பான்ரை குரல், நாலு நிமிசந்தான். மற்றப் பக்கம் சும்மா சினிமாப் பாட்டு, அதிலை பதியுங்கோ. இதை மட்டும் தொட்டிடாதேங்கோ" என்றாள். "பெரியவர் வாற அண்டைக்கு உம்மடை அப்பான்ரை பாட்டையும் போடுவம்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். அவள் சிரித்து நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

மற்றப் பக்கம் முழுவதும் எங்கள் நிகழ்ச்சியால் நிரம்பியது. வியாழக்கிழமை போட்டுக் கேட்டால், பதியும்போது பெடல் மிதித்தவள் களைத்து மெதுவாக மிதித்திருக்கிறாள், அதனால் என் வரவேற்புரை குஞ்சுக் கோழி மாதிரிக் கீச்சிட்டது. பெரியவருக்கு முன்னால் அந்தக் குரலா! அதன்மேலேயே திரும்பப் பதிந்திருக்கலாம். ஆனால் நான் அதற்குள் உரையை நீட்டி எழுதிவிட்டேன், பதிந்தால் அடுத்ததாக இருந்த வசந்தியின் செய்தியறிக்கை அழியும். வசந்தி என் கூட்டாளி, எங்கள் அயல். அழிப்பதென்றால் யாருடையதை என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

ஜெசிந்தா அன்று நிவாரண வரிசையில் நின்றாள், பள்ளிக்கூடம் வரவில்லை. அப்பாவின் பக்கத்தைப் போட்டால் பதியும் பொத்தான் இறங்கவில்லை. பாட்டு அழிந்துவிடக் கூடாதென்று கசற்றின் விளிம்பிலிருக்கும் சின்னத் தகட்டை உடைத்து வைத்திருந்தார்கள். அந்த ஓட்டையில் கடதாசி அடைத்தால் பொத்தான் இறங்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டுக்குப் பின்னால் நாடா வெறுமையாய்க் கிடந்தது, ஆனால் வரவேற்புரை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும் என்று கொப்பியின் மூலையைக் கிழித்து மடித்து அடைத்தேன். "அது அவளின்ரை தேப்பன்ரை பாட்டெல்லே?" என்றாள் பெடலில் இருந்த வசந்தி. "கூத்துப் பாட்டுத்தானே, தொடக்கத்திலை கொஞ்சம் போனால் என்ன?" என்றேன். கடலுக்குப் போகும் குருநகர்ச் சனத்தின் கூத்தை எங்கள் வீட்டில் 'கரையூர்க் கூத்து' என்று சொல்லும்போது பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பு எனக்குள்ளும் இருந்திருக்கிறது. நான் அதைத் தெரிந்துதான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை மிதிக்கும் முறையை ஜெசிந்தா என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பாவின் பாட்டுக்குத் தானே மிதிக்க வேண்டுமாம். நான் சொன்னபடி ரீச்சர் முதலில் அப்பாவின் பக்கத்தைப் போட்டார். என் குரல் வந்தது. 'பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களே' என்று தொடங்கி அது நீண்டுகொண்டே போக, ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. உரை முடிந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஓர் ஆண்குரல் நீட்டி முடிக்கும் கடைசி அடி, கோயில் வளவில் சனம் கைதட்டும் சத்தம். அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. ஒன்றும் அறியாத ரீச்சர் "உது ஏதோ பழைய பதிவு" என்று அதையும் நிறுத்திக் கசற்றைத் திருப்பிச் சுற்றி, வசந்தியின் செய்தியறிக்கையிலிருந்து போட்டார்.

அவள் இறங்கிப் போயிருந்தால் எங்கள் வானொலி அந்த இடத்திலேயே நின்றுபோயிருக்கும். போகவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஒரே வேகத்தில் மிதித்தாள், எங்கள் ஒருத்தியின் குரலும் பிசகவில்லை. பெரியவர் எழும்பி, "ஊர்ப் பிள்ளையள், வந்த பிள்ளையள் எண்ட வித்தியாசமே இஞ்சை இல்லை, எல்லாரும் ஒரு குடும்பம்" என்று பாராட்ட, நாங்கள் கைதட்டினோம்.

பிறகு ஜெசிந்தா கசற்றைக் கழற்றி, ஓட்டையில் இருந்த கடதாசியை நகத்தால் கிண்டி எடுத்து என் மேசையில் வைத்தாள். "இது உம்மடை" என்றாள். பாட்டு அழிந்த கதை காதில் விழுந்து ரீச்சர் விசாரித்தபோது தவறுதலாக நடந்துவிட்டது என்று நான் அழுதேன், வசந்தியும் தலையாட்டினாள். "பிழை ஆருக்கும் வாறதுதானே, அழாதை பிள்ளை" என்று ரீச்சர் என்னைத்தான் தேற்றினார்! ஜெசிந்தா கசற்றைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. குடும்பத்தோடு வேறு முகாமுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து நாங்களும் வீடுவாசலை விட்டு நடந்து, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் 'வந்த பிள்ளையள்' ஆனோம்.

இப்போது அந்த வகுப்பில் கணினியும் பெரிய திரையும் இருக்கின்றன; டைனமோ என்றால் பிள்ளைகளுக்குப் படம் காட்டித்தான் விளக்க வேண்டும். உலகமெல்லாம் சிதறிக் கிடக்கும் எங்கள் வகுப்பார் கைபேசியில் ஒரு குழு வைத்து, நாள்தோறும் குரல் பதிந்து அனுப்புகிறார்கள். போன மாதம் வசந்தி கனடாவிலிருந்து, "அந்த வானொலிக் காலத்திலை நாங்கள் எவ்வளவு ஒற்றுமை, என்ன?" என்று அனுப்பியிருந்தாள். "ஓம், ஓம்" என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். அந்தக் குழுவில் குருநகர்ப் பிள்ளைகள் ஒருவருமில்லை, அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. ஜெசிந்தாவின் எண் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கப் பல தடவை கைபேசியை எடுத்திருக்கிறேன். யாராவது ஒருத்தி "ஓம், என்னட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில், இன்றுவரை கேட்கவில்லை.