வீக்கம் வடிந்த பிறகு

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் படிப்புதான் என் மனைவி சொன்னதை நம்பவிடாமல் செய்தது என்றால் பழியைப் படிப்பின்மேல் போடுவதாகும். நம்பாதவன் நான்தான்.

போன ஆனியில், சாரலில் நனைந்த வாசற்படியில் வழுக்கி அவள் கணுக்கால் பிசகியது. எலும்பு முறியவில்லை. டாக்டர் வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். அது செய்கிற வேலையை அவளுக்கு நானே விளக்கினேன். அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்றொரு பொருள் உண்டாகிறது. அது நரம்பு நுனிகளைக் கூசவைக்கிறது. மாத்திரை நரம்பை மரத்துப்போகச் செய்வதில்லை. அந்தப் பொருள் உண்டாவதைத்தான் தடுக்கிறது.

மாத்திரை தீர்ந்தது, வீக்கமும் வடிந்தது. வலி போகவில்லை என்றாள். வீக்கமே இல்லாத இடத்தில் வலி ஏது என்று கேட்டேன். துபாயிலிருந்து மகள் பேசியபோது, "உங்கம்மை நல்லா நடிக்கா மக்கா" என்று சிரித்தேன். அடுக்களையில் இருந்தவளுக்கு அது கேட்டிருக்கிறது. அதன்பின் வலி என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஒரு மத்தியானம் படுத்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் சேலை விளிம்பு காலில் பட்டதும், தூக்கத்திலேயே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தூக்கத்தில் யார் நடிப்பார்கள்? ஆனால் ஒரு துணிநுனி எப்படி வலிக்கும்? வெட்கத்தைவிட இந்தக் கேள்விதான் என்னை டாக்டரிடம் விரட்டியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் விளக்கம் கணுக்காலோடு நின்றுவிட்டது என்றார் டாக்டர். வலிச் செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் தண்டுவடத்திலும் அதே பொருள் உண்டாகுமாம். அங்குள்ள நரம்பணுக்கள் வருகிற செய்தியைப் பெரிதாக்கி அனுப்பும். வெறும் தொடுகைகூட வலியாகவே மூளைக்குப் போகும். மாத்திரை அங்கேயும் ஓரளவு வேலை செய்யும். ஆனால் இந்த நிலை ஊன்றிவிட்டால் அது மட்டும் போதாது. அவளை அழைத்து வாருங்கள், வேறு வைத்தியம் பார்க்கலாம் என்றார்.

புதிதாய்த் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்தேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"நான் சொன்னா வலி இல்ல. டாக்டர் சொன்னா உண்டு. அப்படித்தானே?"

தப்பு என்னுடையது என்றேன். அவள் எதிரில் உட்கார்ந்து, "எப்படி வலிக்கு? நீயே சொல்லு" என்றேன்.

"எதுக்கு? பாடம் எடுக்கவா?"

"இல்லட்டி. கேக்கதுக்கு."

துருவியைத் தள்ளி வைத்துவிட்டுக் காலை நீட்டினாள். அடுப்பிலிருந்து இறக்கின சுடுவெள்ளத்தை ஊற்றினதுபோல என்றாள். பாதத்தில் தொடங்கிய அவள் விரல், வீங்கிய இடத்தைத் தாண்டி, முழங்காலுக்குப் பாதிவழி வரை ஏறி நின்றது. அவ்வளவு தூரம் நான் பார்த்ததே இல்லை.