மச்சானுக்கு எழுதிய விண்ணப்பக் கடிதம்

மாவடிப்பள்ளியில் ஒரு அரிசி ஆலையில் பதினாலு வருசம் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர் என் மச்சான், மனைவியின் தம்பி. முதலாளி மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் அவருடைய பிள்ளைகள் ஆலையை விற்றுவிட்டார்கள். ஒரே நாளில் நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் குந்திவிட்டோம்.

என் மூத்த மகளுக்கு அப்போது கலியாணம் பேசி வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் நடக்காது. மகளின் வீடு சுவரோடு நின்றது. கூரை இல்லை. மழை பெய்கிற நாட்களில் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

அந்த நேரம்தான் கல்முனையில் புதிதாகத் திறந்த நெல் வாங்கும் கம்பனி ஒன்று, களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் தேவை என்று அறிவித்தல் போட்டது. விண்ணப்பத்தோடு, இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தம் என்று ஒரு பக்கம் கைப்பட எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த கடிதம் எம்பிமாருக்கு எழுதுகிற கடிதம்தான். விடியக்காலை சுபஹு தொழுதுவிட்டு உட்கார்ந்து, நான் மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன், வீடு குறையில் நிற்கிறது, கருணை கூர்ந்து இந்த ஏழைக்கு உதவுங்கள் என்று எழுதினேன். ஏ.எல். படிக்கிற இரண்டாவது மகள் வாங்கி வாசித்தாள்.

"வாப்பா, இது அப்ளிகேஷன் இல்ல. துஆ."

"துஆ கேக்கிறதுல என்ன புள்ள பிழை?"

"அல்லாஹ்க்கிட்ட கேளுங்க. கம்பனிக்கு நீங்க என்ன வேலை செய்வீங்க எண்டு சொல்லுங்க. பதினாலு வருசத்துல ஒரு மூடையாவது பழுதாப் போனதா?"

"இல்ல."

"அப்ப அதை எழுதுங்களன்."

எழுதப் பார்த்தேன். பேனை ஓடவில்லை. நான் நேர்மையானவன் என்று எழுத நான் யார்? அது அல்லாஹ்வுக்கல்லவா தெரியும். மூடை பழுதாகாதது என் கெட்டித்தனம் என்று எழுதினால் அது பெருமை. எழுதிய வரிகளை வெட்டினேன். ஆலையில் பதினாலு வருசம் இருந்தேன் என்ற ஒரு வரியை மட்டும் சேர்த்து, பிள்ளைகளின் கதையையே அனுப்பினேன்.

அடுத்த நாள் மச்சான் ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார்.

"மச்சான், எனக்கும் ஒண்டு எழுதித் தாங்க. நான் எழுதினா கோழி கிண்டின மாதிரி இரிக்கும்."

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு வேலைக்கி ரெண்டு பேரும் போடுறீங்களே, வெக்கமில்லையா?"

"யாருக்குக் கிடைச்சா என்ன ராத்தா, நான் சோறு திங்கிறது உங்கட வீட்டுலதானே."

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு எழுத உட்கார்ந்தேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. நெல்லைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்து, உடைகிற சத்தத்திலேயே அது காய்ந்துவிட்டதா என்று சொல்வேன். மூடை நிலத்திலும் சுவரிலும் படாமல் பலகை போட்டு அடுக்குவேன். முதலில் வந்ததை முதலில் வெளியே அனுப்புவேன். என் கைக்கு வந்த ஒரு மூடையும் பழுதாகவில்லை என்று மச்சான் சொல்வதுபோல எழுதினேன். எழுதின 'நான்' மச்சான் என்பதால் கை கூசவில்லை. அடுத்தவரை மெச்சுவது பெருமை இல்லையே. அவரைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. மச்சான் அதைப் பார்த்துத் தன் கையால் எழுதி அனுப்பினார்.

நேர்முகத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

வேலை கிடைத்த செய்தியோடு வந்தவரின் முகம் நன்றாக இருக்கவில்லை.

"கடிதத்தை மெச்சினாங்க மச்சான். யார் எழுதின எண்டு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நான்தான் எண்டுட்டன். உங்கட கடிதமும் மேசையில இரிந்தது. இவரும் அந்த ஆலைதானே, என்ன வேலை செஞ்சார் எண்டு இதுல ஒண்டுமில்லையே, ஆள் எப்பிடி எண்டு கேட்டாங்க."

"அதுக்கு?"

"நல்ல மனிசன் எண்டன்."

"வேற?"

"வேற ஒண்டும் சொல்லல்ல." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் புள்ளகள் இரிக்கி மச்சான்."

ரிஸ்கு, நாம் உண்ணுகிற சோறு, அல்லாஹ் எழுதியபடிதான் என்று சொல்லி அவரைத் தேற்றினேன். நம்பித்தான் சொன்னேன். ஆனாலும் அன்று பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு சுன்னத்துத் தொழும்போது, எத்தனை ரக்அத் முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சம்மாந்துறைப் பக்கம் இன்னொரு களஞ்சியத்துக்கு ஆள் தேடினார்கள். அங்கேயும் கடிதம் கேட்டார்கள். மச்சானிடம் போனேன்.

"இந்த முறை என்னைப் பத்தி நீங்க எழுதித் தாங்க."

"ஓம் மச்சான், எழுதித் தாறன்" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

அது அறுவடைக் காலம். அவருக்கு வேலை கூடுதல். கடிதம் எழுதியாயிற்றா என்று படிக்கிற மகள் தன் மாமாவிடம் இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை. போய் ஞாபகப்படுத்த எனக்கும் நா எழவில்லை. திங்கட்கிழமையோடு முடிவுத் திகதி போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டாரும் பெருநாள் வரைக்கும்தான் பொறுப்போம் என்று சொல்லியனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை சுபஹுக்குப் பிறகு மகளிடம் ஒரு தாள் வாங்கினேன். என் பொறுப்பில் பதினாலு வருசம் ஒரு மூடையும் பழுதாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதினேன். வெட்டவில்லை. பக்கம் நிறையும் வரைக்கும் எழுதினேன். மகள் வாசித்துவிட்டு, மடித்துத் தன் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அனுப்புவதற்கு ஓர் இடமும் அப்போது இருக்கவில்லை.